நாலு நெத்திலியும் ஒரு பொய்யும்

அண்ணா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அப்பா சொல்லச்சொல்ல எழுதுகிறேன், ஒன்றையும் விடவில்லை. "இத எழுதாத பாப்பா" என்று அப்பா சொன்ன இடங்களையும் விடவில்லை. அப்பா பேசுகிறபடியே எழுதினால் நான்கு பக்கம் தாண்டாது, பாதி உறுமலாக இருக்கும் என்பதால் புத்தகத் தமிழில் மாற்றியிருக்கிறேன். யாராவது வாய்விட்டுச் சொன்னது முக்கியம் என்று தோன்றினால் மட்டும் சொன்னது சொன்னபடி. அப்பாவுக்கு மறந்துபோனதையும், மறந்ததுபோல் விட்டதையும் நான் அடைப்புக்குறிக்குள் சேர்ப்பேன். மற்றபடி இனி 'நான்' என்று வருவதெல்லாம் அப்பா.

அன்புள்ள மகனுக்கு, இங்கே எல்லோரும் நலம். உன் நலம் கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று உன் தங்கை சொல்கிறாள். நீ பதினோரு நாளாகப் போனை எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், தங்கை கூப்பிட்டால் எடுக்கிறாய், என் எண்ணுக்கு மட்டும் மணி அடித்து ஓய்கிறது. அதனால் நீ நல்ல திடமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிகிறது. குரலில் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கடலில் வேறு படகைக் கூப்பிடுகிற குரல்தான் வருகிறது. மன்னிப்புக் கேட்கிற காரியத்தை அந்தக் குரலில் செய்ய முடியாது. (ஒன்பது முறை பதிவு செய்து ஒன்பதையும் அழித்தார். ஒன்றில் "ஓவர்" என்று முடித்தார்.) மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிறது, எனக்கும் வீட்டில் கட்டிக்கிடப்பதுதான் வேலை, உன் தங்கைக்கும் பள்ளி விடுமுறை. ஆகவே கடிதம்.

நீ கடைசியாகப் பேசியது எனக்கு ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. பக்கத்துப் பட்டினத்தில் உனக்குப் பேசியிருக்கிற பெண் நிவேதா, உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று போனில் கேட்டிருக்கிறாள். உனக்குக் கீழே தரைதான் இருக்கிறது என்று நீ சொல்ல, அவள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். உனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே என்னைக் கூப்பிட்டு, "அப்பா, நான் என்ன வேலை பாக்குறேன்? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாய். நான் ஹோட்டல் என்றேன். ஹோட்டலில் என்ன என்றாய். இலை என்றேன். ஆறு வருடம் நீ செய்கிற வேலையைப் பற்றி என்னிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். "மேனேஜர்னு அவங்ககிட்ட சொன்னது நீங்க. நீங்களே போய் இல்லன்னு சொல்லுங்க. சொன்னதுக்கு அப்பறம் நான் கல்யாணத்துக்கு வர்றதா வேணாமான்னு பாப்போம்" என்று வைத்துவிட்டாய்.

வாய்தவறி வந்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொல்லித் தப்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. இந்த வாய் பத்து வருடமாகத் தவறிக்கொண்டிருக்கிறது என்றாள். அதுவும் உண்மைதான். நீ கேட்டரிங் சேர்ந்தபோது பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, கப்பல் சம்பந்தமான படிப்பு என்று கரையில் நாலு பேரிடம் சொன்னேன். துபாய் போனதும் அந்தக் கப்பலைக் கரையேற்றி ஹோட்டலாக்கினேன். பிறகு ஹோட்டல் ஆளை மேனேஜர் ஆக்கினேன். பதினாலு வயதில் உன்னைக் கடலுக்கு அழைத்துப்போனேனே, நீ வாந்தி எடுத்தபடியே கிடந்தாய். என்னோடு தொழில் செய்கிறவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு உன் பக்கம் உட்காராமல் அவர்கள் பக்கம் உட்கார்ந்தவன், அதற்குப் பிறகு எழுந்து வரவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

முதல் விடுப்பில் நீ வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் தங்கை அடைப்புக்குறி போட்டுச் சொல்லிவிடுவாள். வெள்ளரி, தக்காளி, ஏதோ சிவப்பு முட்டைக்கோஸ் எல்லாம் வைத்து, கோலம் மாதிரி ஒரு தட்டில் அடுக்கி என் முன்னால் வைத்தாய். நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அதன் மேல் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். நான் உனக்கு மரியாதை செய்ததாகவே நினைத்தேன். சாப்பிடாமல் விடவில்லையே! கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவன் நீ, அதனால் ஒரு புத்தி சொல்கிறேன். நிவேதா எதைச் சமைத்து வைத்தாலும், என்னவென்று தெரியாவிட்டாலும், அதன் மேல் வேறொன்றை ஊற்றாதே.

சரி, பொய்யைப் போய் உடைக்க வேண்டும். மேனேஜர் இல்லை என்று சொல்வது எளிது. அப்புறம் என்ன வேலை என்று அவர்கள் கேட்பார்களே, அதற்கு மறுபடி 'இலை' என்று சொல்லிவிட்டு நிற்க முடியாது. பெண்ணின் அப்பா சாதாரண ஆள் இல்லை. பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிறவர், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனுக்கும் விலை சொன்னதில்லை. ஆகவே உன் வேலையை நானே ஒரு முறை செய்துபார்ப்பது, செய்ததை அவர் முன்னால் வைப்பது, வைத்துவிட்டு உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். மறு ஞாயிறு அவர்கள் பேசி முடிக்க வருவதாக இருந்தது. கையில் எட்டு நாள்.

போன வருடம் உன் தங்கைக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாயாம், சீசர் சாலட் செய்வது எப்படி என்று. அதை ஏழு முறை பார்த்தேன். (பதினாறு முறை. போன் சூடாகிவிட்டது.) உன் முகம் அதில் இல்லை, கை மட்டும்தான். இவ்வளவு வேகமாகக் கத்தி போடுவாய் என்று எனக்குத் தெரியாது. இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு தெரிந்தது. இது எப்போது வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கு நாள் கிழமையோடு தெரிந்திருந்தது.

கீரையிலிருந்து தொடங்குகிறேன். லெட்டூஸ் என்று காரைக்கால் மார்க்கெட்டில் கேட்டேன். ஒருவர் புதினாவைக் கொடுத்தார், ஒருவர் முட்டைக்கோஸின் மேல் இலையை உரித்துக் காட்டி இதுதான் அது என்றார், மூன்றாமவர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். கடைசியில் புதுச்சேரியில் இருக்கும் உன் சித்தியிடம் சொல்லி, பஸ்ஸில் கொடுத்து அனுப்பச் சொன்னேன். டிரைவர் நல்ல மனிதர், பொட்டலம் கசங்கக் கூடாதென்று பத்திரமாக இன்ஜின் பெட்டி மேல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நாலு மணி நேரம். பிரித்துப் பார்த்தால் மசித்துத் தாளிக்கலாம், அந்தப் பதம். உன் அம்மா தாளித்தே விட்டாள். சுமாராக இருந்தது.

முதல் சோதனையை முட்டைக்கோஸ் வைத்தே செய்தோம், குழம்பு மாதிரி அந்தச் சாறு வருகிறதா என்று பார்க்கத்தானே என்று. (டிரெஸ்ஸிங் என்று சொல்ல வேண்டும் என்று பலமுறை சொன்னேன். அப்பா அது துணிக்கடைச் சொல் என்கிறார்.) வீடியோவில் நீ ஒரு சின்ன டப்பாவிலிருந்து எண்ணெயில் ஊறின மீனை எடுக்கிறாய். பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் நெத்திலி. கடல் முழுக்க நெத்திலி ஓடுகிற ஊரில் பிறந்துவிட்டு டப்பாவைத் தேடுவேனா? நல்ல உப்பு நெத்திலிக் கருவாடு வீட்டில் இருந்தது. ஆனால் நீ என்ன சொல்கிறாய்? நாலு போடு என்கிறாய். எண்ணி நாலு! எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நெத்திலியை யாராவது எண்ணுவார்களா? கூடையில் அளப்போம், கையால் அள்ளுவோம். விருந்தாளிக்கு நாலு நெத்திலி போட்டதாக வெளியே தெரிந்தால் படகுக்கு ஆள் வரமாட்டான். நீ வெளிநாட்டில் மீன் கிடைக்காத ஊரில் இருப்பதால் சிக்கனமாகச் சொல்கிறாய் என்று நினைத்து, இரண்டு கை அள்ளிப் போட்டேன். பத்துப் பல் பூண்டு. இரண்டு முட்டை மஞ்சள் கரு. கடுகை வினிகரில் ஊறவைத்து அரைத்தது. எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு, எண்ணெயை டேங்கில் டீசல் ஊற்றுகிற மாதிரி ஒரே ஊற்றாக ஊற்றினேன்.

ஆலிவ் எண்ணெய் மெடிக்கலில்தான் கிடைத்தது. சின்ன பாட்டில். நல்லவேளையாக உன் தங்கை எதைக் கண்டாலும் படிக்கிற பிள்ளை, உடம்பில் தேய்ப்பதற்கு மட்டும் என்று அதில் போட்டிருந்ததை ஊற்றுவதற்கு முன்னால் படித்துவிட்டாள். அன்று சூரியகாந்தி எண்ணெயில்தான் செய்தோம். எண்ணெய் ஒரு பக்கம் போயிற்று, மஞ்சளாக ஒன்று அடியில் உட்கார்ந்துகொண்டது, வாசனை தெருமுனைக்கு ஓடிற்று. நம் வீட்டைச் சுற்றி வருகிற பூனைக்கு ஒரு கிண்ணத்தில் வைத்தேன். கருவாடு காய்கிற இடத்தில் பிறந்து வளர்ந்த பூனை அது. மோந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் இரண்டு நாள் அது இந்தப் பக்கமே வரவில்லை.

உன் அம்மாவுக்குப் பச்சை முட்டை பிடிக்கவில்லை. சம்பந்தம் பேச வருகிற இடத்தில் யாருக்காவது வயிற்றால் போனால் பொய் சொன்னதைவிட அது பெரிதாகப் பேசப்படும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. முட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் விட்டு எடு என்று வீடியோவின் கடைசியில் நீயே சொல்கிறாய். அத்தனை முறை போட்டும் கடைசி வரை ஓடவிடாமலே நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அதன் பிறகு இரண்டாவது சோதனை. இந்த முறை உன் தங்கை பள்ளிக்கூடத்து அறிவியல் சோதனை மாதிரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விடு என்கிறாய் நீ. ஒரு கையால் சொட்டு, மறுகையால் அடி. மிக்சியைத் தூரப் போட்டுவிட்டு மோர் கடைகிற மத்தை எடுத்துக்கொண்டேன். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தோள் கழன்றது. வலை இழுத்த தோள் இது, ஒரு கிண்ணம் முட்டைக்கு வலித்தது. திடீரென்று மத்துக்குக் கீழே அது கெட்டியாயிற்று. வெளுத்து, பளபளவென்று, கரண்டியைக் கவிழ்த்தால் விழாமல் நின்றது. நான் கத்தின கத்தலில் உன் அம்மா பாம்பு என்று நினைத்து ஓடிவந்தாள்.

நெத்திலியும் நாலுதான் போட்டேன். தலையைக் கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, நடுமுள்ளை எடுத்து, பூண்டோடு வைத்து நசுக்கினேன். மீன் இருக்க வேண்டும், ஆனால் தெரியக்கூடாது என்று வீடியோவில் ஓர் இடத்தில் சொல்கிறாய். முதலில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. தெரியக்கூடாது என்றால் எதற்கு மீன்? நக்கிப் பார்த்தேன். மீன் எங்கேயும் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் எண்ணெயும் புளிப்பும். உன் தங்கை ஒரு பங்கை நெத்திலி இல்லாமல் தனியாகச் செய்து வைத்திருந்தாள், ஒப்பிட்டுப் பார்க்க. அதையும் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ரொட்டித்துண்டு உன் அம்மாவின் இலாகா. முந்தின நாள் ரொட்டியைச் சதுரமாக வெட்டி, பூண்டு எண்ணெயில் பிரட்டி, தோசைக்கல்லில் சிறுதீயில் நாலு பக்கமும் சிவக்க வைத்தாள். கரகரவென்று அவ்வளவு நன்றாக வந்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை செய்ததை வெள்ளிக்கிழமையே காணோம். சனிக்கிழமை செய்ததை பிஸ்கட் டின்னில் போட்டு மூடி அலமாரியில் வைத்தேன். மாலையில் டின்னைக் குலுக்கினால் சத்தம் வரவில்லை. (அம்மா பாதி, நான் பாதி. உண்மை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்.) ஞாயிறு காலையில் மூன்றாவது முறை செய்தாள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன்.

கீரைக்கு நான் ஒரு வழி செய்தேன். அதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை உன் சித்தியிடம் தெர்மாகோல் பெட்டி வாங்கச் சொல்லி, அடியில் உடைத்த ஐஸ், மேலே ஈரச் சாக்கு, அதன் மேல் கீரை, மறுபடி சாக்கு, மறுபடி ஐஸ் என்று போனிலேயே அடுக்கவைத்தேன். ஐஸ் நேராகப் பட்டால் வெந்த மாதிரி ஆகிவிடும், மீனுக்கும் அப்படித்தான். ஓரத்தில் தண்ணீர் வடிய ஓட்டை போடச் சொன்னேன். பெட்டி வந்து திறந்தபோது இலை ஒவ்வொன்றும் விறைப்பாக நின்றது. ஒடித்தால் சத்தம் வந்தது. நீ வேலை பார்க்கிற இடத்துக்குக் குளிர் சமையலறை என்று பெயர் என்று நீ சொன்ன அன்றைக்கு, அடுப்பே இல்லாமல் என்ன சமையல் என்று கேட்டவன் நான். முப்பது வருடமாக நான் படகில் அடுப்பா வைத்திருந்தேன்? கெடாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் தொழில் முழுக்க. அதையேதான் நீயும் செய்துகொண்டிருக்கிறாய். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பெட்டிக் கீரை தேவைப்பட்டது.

ஞாயிறு பதினொரு மணிக்குப் பெண்ணின் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா மூன்று பேரும் வந்தார்கள். உன் அம்மா இறால், வஞ்சிரம், நண்டு என்று ஒரு தெருவுக்குச் சமைத்து வைத்திருந்தாள். சம்பந்தம் முடிந்தால் அம்பகரத்தூர் காளிக்குப் புடவை சாத்துவதாகவும் வேண்டியிருந்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் சாலட்டைக் கொண்டுவந்து வைப்பதை அவளால் தாங்க முடியவில்லை. "ஏங்க, வீட்டுக்கு வந்தவங்களுக்கு முதல்ல ஆட்டுத்தீனியவா வைப்பீங்க?" என்று அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அதோடு, கையாலேயே சாப்பிடட்டும் என்றாள். நான் கேட்கவில்லை. நீ வீடியோவில் முள்ளுக்கரண்டியால் இலையைக் குத்தி எடுத்துக் காட்டுகிறாய், அதனால் பாத்திரக்கடையில் ஆறு முள்ளுக்கரண்டி வாங்கி வைத்திருந்தேன். இந்த முள்ளுக்கரண்டி என்னை என்ன செய்தது என்று சொல்கிறேன், கேள்.

மூன்று பேரும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அக்காக்காரர், "இதுக்கு மேல ரசம் ஏதும் ஊத்திக்கலாமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், தம்பி. ஆனால் அந்தக் கேள்வி என் தோளில் வந்து குத்தியது, மத்து பிடித்த தோளில். அப்படியே சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். பெண்ணின் அப்பா ஓர் இலையை முள்ளில் குத்தித் தூக்கினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மோந்தார், வாயில் போட்டார். மென்றுகொண்டே கண்ணை மூடினார். இரண்டாவது இலை. மூன்றாவது. ரொட்டித்துண்டு கரகரவென்றது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "நெத்திலி போட்டுருக்கீங்க மச்சான்" என்றார். தட்டில் தேடினார், காணவில்லை. "கண்ணுல படல. ஆனா இருக்கு."

அப்போதுதான் சொன்னேன். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று நீங்கள் கேட்டபோது மேனேஜர் என்று நான் சொன்னது பொய், அவன் ஹோட்டலில் குளிர் சமையலறையில் வேலை பார்க்கிறான், இந்தத் தட்டில் இருப்பதுதான் அவன் வேலை, நான் செய்தது எட்டு நாள் படித்த ஒரு முட்டாளின் கைவேலை, அவன் செய்தால் இதைவிடப் பத்து மடங்கு நன்றாக இருக்கும் என்றேன். நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் வேறு ஏதாவது பொய் வந்துவிடும் என்று பயம். (அப்பா எழுந்து நின்று சொன்னார். கையில் மத்து இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை.)

பெண்ணின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "பொய் சொன்னது தம்பியா, நீங்களா?"

நான்தான் என்றேன். தம்பிக்குத் தெரியுமா என்று அவர் கணவர் கேட்டார். இப்போதுதான் தெரியும், அதனால்தான் என்னோடு பேசுவதில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் முள்ளுக்கரண்டியைத் தட்டில் தட்டிக்கொண்டிருந்தார், ஏலத்தில் அடுத்த கேள்விக்குக் காத்திருப்பதுபோல. பிறகு சொன்னார். "அப்ப பொண்ணக் குடுக்குறதுல எனக்கு யோசன இல்ல மச்சான். உங்களோட சம்பந்தம் பண்றதுலதான் யோசனையா இருக்கு."

உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றபடியே உள்ளதைச் சரிசெய்யப் பார்த்தாள். சாப்பாடு தயாராக இருக்கிறது, கை நனைத்துவிட்டுப் பேசலாம் என்றாள். உனக்குத் தெரியாததில்லை, சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள், மனசு முடியாமல் யாரும் ஒரு பருக்கை தொடமாட்டார்கள். எனக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. அதான் நனைத்தாயிற்றே, சாலட் சாப்பிட்டீர்களே என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா தட்டில் ஓர் இலைகூட மிச்சமில்லை. அவர் முகத்தில், ஏமாந்துவிட்டோமோ என்று ஒரு கலக்கம் வந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அக்காக்காரர் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். காய்ந்த கை. "யாரு கை நனைஞ்சுது? முள்ளுக்கரண்டியில தின்னது கணக்குல வராது" என்றார்.

உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை. (நானும் எழுதப்போவதில்லை.) கையால் சாப்பிடச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர்கள் எழுந்துவிட்டார்கள். இறால் அப்படியே இருந்தது, நண்டு அப்படியே இருந்தது. சாயங்காலம் வரை தெருவே வந்து சாப்பிட்டது, எல்லோரும் கை நனைத்தார்கள், யாரிடமும் பெண் இல்லை.

ஆனால் தம்பி, கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பெண்ணின் அப்பா திரும்பினார். அதைத்தான் நீ இரண்டு முறை படிக்க வேண்டும். "தம்பிய வரச்சொல்லுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து, அவரு கையால இத செஞ்சு போடட்டும். அன்னைக்கு நாங்க கையால சாப்புடுறோம்" என்றார். அவர் மனைவி, இந்த ரொட்டித்துண்டு எந்தக் கடை என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். நிவேதாவும் அன்று மாலையே உன் தங்கையைக் கூப்பிட்டாளாம். உனக்குக் கீழே தரைதான் என்று நீ சொன்னதை நினைத்து மறுபடி சிரித்தாளாம், ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் அழுதுகொண்டே. (நிஜம். உன்னிடம் நேராகக் கேட்கப் பயமாக இருக்கிறதாம், நீ கோபமாக இருக்கிறாயா என்று என்னிடம் கேட்டாள். கோபம் அப்பா மேல் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.)

ஆக, நீ சொன்னதைச் செய்துவிட்டேன். அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். கரையிலும் சொல்லிவிட்டேன். மறுநாள் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் போய், என் மகன் மேனேஜர் இல்லை, சாலட் போடுகிறவன் என்றேன். ஒருவன் சிரித்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டு முட்டையை அடித்துக் கெட்டியாக்குவது எப்படி என்று முழுதாக விளக்கினேன். அவன் எழுந்து போகப் பார்த்தான், விடவில்லை. இப்போது என்னைக் கண்டால் பாதிப் பேர் வேறு பக்கம் போகிறார்கள். உன்னைப் பற்றிப் பேச எனக்கு இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இனி நீ வருவதா வேண்டாமா என்பது உன் கையில் இருக்கிறது. லீவு கிடைக்காது என்றால் கிடைக்காது என்று சொல், நான் போய் அவர்களிடம் அப்படியே சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். என் மேல் கோபம் தீரவில்லை என்றால் அதையும் சொல். கல்யாணத்துக்கு மட்டும் வந்துவிட்டு என்னோடு பேசாமல் போனாலும் எனக்குச் சம்மதம். உன் கல்யாணம் என் வாயால் நின்றது என்று மட்டும் ஆகக்கூடாது. அது ஒன்றுக்குத்தான் இந்த வயதில் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவ்வளவுதான், முடி பாப்பா, அன்புடன் அப்பா என்று போடு.

அண்ணா, இனி 'நான்' என்றால் நான்தான். அப்பா முடிக்கச் சொன்னார், நான் முடிக்கவில்லை. மன்னிப்பு என்று தொடங்கி ஐந்து பக்கம் எழுதியும், கேட்கவே இல்லையே என்று சொன்னேன். அப்பா அறைக்குள் இரண்டு நடை நடந்தார். மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார். அம்மா வெளியே காய்ந்த துணியை மடித்துக்கொண்டே ஒரே துண்டை மூன்று முறை மடித்தார். அப்பா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இப்புடிப் பேனாவப் புடிச்சிக்கிட்டுப் பாத்தா எப்புடி வரும்? லைட்ட அமத்து" என்றார். மணி ஏழரைதான் ஆகியிருந்தது. இருட்டில் எழுத முடியாது என்றேன். எழுதத் தெரிந்தவளுக்கு வெளிச்சம் எதற்கு என்றார். அமர்த்தினேன். அப்பா போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் சன்னல் பக்கமிருந்து, கடலில் கூப்பிடுகிற குரலாக இல்லாமல், வேறொரு குரல் வந்தது.

"வந்துரு தம்பி. உன் சாப்பாட்டுல நான் கொழம்ப ஊத்துனதுக்கு... வந்துரு."

இந்தக் கடைசி வரி கோடு தாண்டி, பக்கத்து வரி மேல் ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். எழுதியபோது விளக்கு அணைந்திருந்தது.